கீழ்க்கண்டவற்றுள் எது பலவீனப்படுத்தும்

பதினொரு மணிக்கு வினாத்தாளைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது சந்தியாகுவுக்கு முன்னால் சரியாக ஒரு மணி நேரம் இருந்தது. எதிரே பெஞ்சுகளில் குனிந்திருந்த முப்பத்தோரு பேருக்கும் அதே ஒரு மணி நேரம்தான். அவர்களுக்கு ஐந்து ஐந்து ஆப்ஷனாக அச்சடித்துக் கொடுத்தாயிற்று, சரியானதைக் கறுப்பாக்கினால் போதும். அவனோ தன் ஆப்ஷனைத் தானே எழுதியாக வேண்டும். மடியில் மூன்றாக மடித்த ஒரு ஜெராக்ஸ் தாள். காலையில் படியேறி வந்ததும் டைரக்டர் ரத்தினவேல் அதைக் கையில் கொடுத்து, சந்தியாகு சார், இதுக்கு நீங்கதான் ஆளு, எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கும், கண்டுபிடிச்சு ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதிக் குடுத்துடுங்க என்று சொல்லித் தோளில் தட்டிவிட்டுப் போனார். கடைக்குப் போய் ரெண்டு டீ சொல்லிவிட்டு வாங்க என்கிற தோரணையில்தான் சொன்னார். திருச்சி தில்லைநகரில், கீழே பரோட்டாக் கடையும் நடுவில் ஒரு பல் டாக்டரும் இருக்கிற கட்டடத்தின் மூன்றாவது மாடியில், வங்கித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிற இந்த சென்டரில் பத்தொன்பது வருஷமாக அவன் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஒரு பத்தி இருக்கும், அதில் யாரோ எதையோ வாதாடியிருப்பார், கீழ்க்கண்டவற்றுள் எது இந்த வாதத்தைப் பலவீனப்படுத்தும் என்று கேட்பார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே தடுமாறி விழுகிற கேள்வி அது. சந்தியாகு சாரிடம் ஒரு மாசம் உட்கார்ந்தால் வந்துவிடும் என்று ஊரில் பேச்சு. அந்தப் பெருமை அவனுக்கு உண்டு, இல்லையென்று எதற்குச் சொல்ல வேண்டும். இன்றைக்கு வாதாடியிருந்தவர் பெரியண்ணன், முசிறிப் பக்கம் மின்வாரியத்தில் வயர்மேன். ஆறு வாரத்துக்கு முன்னால் டெங்குவில் செத்துப்போன சுகப்பிரியாவின் அப்பா. பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கி, இந்த ஹாலுக்கு அடுத்த அறையில், டைரக்டரின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

முதல் வேலை முடிவு எது என்று பிடிப்பது. பத்தியை மேலிருந்து படித்துக்கொண்டு வராதே, ஆகவே எங்கே இருக்கிறது என்று தேடு, இல்லாவிட்டால் நீயே ஒரு ஆகவேயைப் போட்டுப் பார், எந்த வாக்கியத்துக்கு முன்னால் அது ஒழுங்காக உட்காருகிறதோ அதுதான் முடிவு, மிச்சமெல்லாம் ஆதாரம். இதைப் போர்டில் எழுதி எழுதியே அவனுக்கு வலது தோள்பட்டை போய்விட்டது. தாளைப் பிரித்தான். பேனாவால் எழுதியது, ஜெராக்ஸில் சாம்பல் பூத்துத் தெரிந்தது. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்தில் கொடுத்த மனு, விளக்கம் கேட்டு அங்கிருந்து இங்கே வந்திருந்தது. நாளைக்குள் பதில் போக வேண்டும். அதற்கு முன்னால் ஆளை வரவழைத்துப் பதிலைப் படிக்க வைத்தால் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று டைரக்டருக்கு ஒரு கணக்கு. மனுவில் பெரியண்ணன் அழவில்லை. சந்தியாகுவுக்கு முதலில் உறைத்தது அதுதான். என் மகளுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் காய்ச்சல் கண்டது. ஞாயிறு காலை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். ஒரு ஞாயிறு டெஸ்ட் விட்டால் ஸ்பெஷல் பேட்ச்சில் இருந்து எடுத்துவிடுவார்கள் என்று சொல்லி பஸ் ஏறிப் போனது. அன்றைக்கே வைத்தியம் பார்த்திருந்தால் பிழைத்திருக்கும். ஆகவே என் மகள் சாவுக்கு மேற்படி சென்டரின் விதியே காரணம். ஆகவேயை அவரே போட்டுவிட்டிருந்தார், தேடவே வேண்டியதில்லை. நஷ்ட ஈடு கேட்கவில்லை. விதியை எடுக்க வேண்டும், தப்பு எங்கள்மேல் என்று எழுத்தில் தர வேண்டும், அவ்வளவுதான். கம்பம் ஏறுகிற மனுஷன், இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிற பட்டதாரிகளில் பாதிப் பேர் இவ்வளவு சுத்தமாக ஒரு வாதத்தை எழுத மாட்டார்கள். அடுத்த மாத வினாத்தாளில் போட்டால் நல்ல கேள்வியாக இருக்கும் என்று தோன்றியது. தோன்றிய மறுகணம் சீ என்று இருந்தது, யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தான். யாரும் பார்க்கவில்லை. பேனாக்கள் போய்க்கொண்டிருந்தன, கடைசி ஃபேன் வழக்கம்போல் கட கட என்றது, பதினொன்று பத்து.

இரண்டாவது விதி, ஆதாரத்தைச் சந்தேகப்படாதே. புதுப் பிள்ளைகள் எல்லாரும் செய்கிற தப்பு அது, அவர் சொல்வதே பொய் சார் என்பார்கள். பொய்யென்று சொல்ல உனக்கு உரிமை இல்லை தம்பி, கொடுத்ததை உண்மை என்று வைத்துக்கொள், அந்த உண்மையிலிருந்து இந்த முடிவுக்கு அவர் தாண்டியிருக்கிறாரே ஒரு தாண்டு, அங்கே காலைத் தட்டிவிடு. சரி, தட்டலாம். காய்ச்சல் வந்தது உண்மை. விதி உண்மை, அதை எப்படி இல்லையென்பது, படிக்கட்டுச் சுவரில் போன மாதம்வரை ஒட்டியிருந்தது, டைரக்டர் கிழித்த இடத்தில் பசை இன்னும் வெள்ளையாக நிற்கிறது. சும்மா பயமுறுத்தத்தான் சார், யாரையும் எடுத்ததில்லைன்னு எழுதலாம் என்று டைரக்டர் யோசனை சொல்லியிருந்தார். அக்கா கல்யாணத்துக்குப் போனதற்காக லால்குடிப் பையனை எடுத்த பெயர்ப் பட்டியலில் கையெழுத்துப் போட்டது யார், சந்தியாகுதான். அது வேண்டாம். கொசு கடித்தது முசிறியில், விதி கொசுவை அனுப்பவில்லை என்று எழுதினால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கும், நூற்றுக்கு நாற்பது பேர் அதில்தான் விழுவார்கள். ஆனால் பெரியண்ணன் நோய் எங்கே வந்தது என்றா வாதாடுகிறார், வைத்தியம் ஏன் தள்ளிப்போனது என்றல்லவா கேட்கிறார். சம்பந்தமில்லாத ஆப்ஷன், அடித்துவிடு. காய்ச்சலோடு டெஸ்ட் எழுதின எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள் என்றால்? மற்றவர்கள் பிழைத்தது இவள் சாவுக்குப் பதில் ஆகாது. ஞாயிற்றுக்கிழமையே போயிருந்தாலும் ரத்தத்தில் தெரிந்திருக்குமா, மாத்திரை கொடுத்து நாளைக்கு வா என்றிருப்பார்கள் என்றால்? இது கொஞ்சம் நிற்கும். ஆனால் இருக்கலாம் என்கிற வார்த்தை வந்துவிட்டால் ஆப்ஷனுக்குப் பாதி பலம் போய்விடும். மனுவை இன்னொரு தடவை படித்தான். கடைசியில் இரண்டு வரி இருந்தது, அவர் ஒளிக்காமல் எழுதியிருந்தது. திங்கட்கிழமை காய்ச்சல் விட்டுவிட்டது. செவ்வாய் காலை வாந்தியும் வயிற்று வலியும் வரவும் திருச்சிக்குக் கொண்டுவந்தோம், வியாழன் விடியற்காலை போய்விட்டது. திங்கட்கிழமை. அந்த வார்த்தையில் அவன் கண் நின்றது. இத்தனை வருஷப் பழக்கம், ஓட்டையைப் பார்த்ததும் அடிவயிற்றில் ஒரு சின்ன இனிப்பு ஊறும். ஊறியது. அதைத் துப்ப முடியவில்லை. அங்கேயிருந்து மனசு நேராகத் திங்களுக்குள் போயிருந்தால் நல்லது, அது ஒரு நாள் பின்னால் நகர்ந்து ஞாயிற்றுக்கிழமைக்குப் போயிற்று, ஆறு வாரமாக அது போகிற இடம் அது ஒன்றுதான்.

அன்றைக்கும் டெஸ்ட் பதினொன்றுக்குத்தான், இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டு அவன் நல்ல உற்சாகத்தில் இருந்தான், அதற்கு என்ன காரணம் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை, காலையில் ஆப்பம் சாப்பிட்டதாகக்கூட இருக்கலாம். டெஸ்டுக்கு முன்னால் ஒரு விளையாட்டு உண்டு. எந்தப் பிள்ளையாவது வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் அதை அப்படியே போர்டில் எழுதி, ஆதாரம் எது, முடிவு எது, யார் உடைப்பீர்கள் என்று கேட்பான். பஸ் லேட் சார் என்று ஒருவன் வந்து நின்றால் பத்து நிமிஷம் அவன் பஸ்ஸைக் கழற்றி மாட்டுவார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பயம் தெளியும். வீட்டிலும் இதே தொழில்தான். முட்டி வலிக்கிறது, இன்றைக்குக் கோயிலுக்கு நடக்க முடியாது என்று மனைவி அமலி சொன்னால், நேற்றும் வலித்தது, நேற்று மார்க்கெட்டுக்கு நடந்தாயே என்று கேட்பான். உங்களோட பேசுறதுக்கு அம்மிக்கல்லோட பேசலாம் என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள், முட்டி வலியோடு. அந்த ஞாயிறு சுகப்பிரியா மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்து மேஜைக்கு வந்தாள். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றியிருந்தாள், கண் இரண்டும் பழுத்திருந்தன. சார், காய்ச்சலா இருக்கு, இன்னைக்கு எழுதாமப் போகட்டுமா? மெதுவாகத்தான் கேட்டாள், அவனுக்கு மட்டும் கேட்கிறாற்போல். அவன் அதை எல்லாருக்கும் கேட்கிறாற்போல் திருப்பிச் சொன்னான். திரும்பிப் போர்டில் எழுதினான். ஆதாரம், காய்ச்சல். முடிவு, டெஸ்ட் எழுத முடியாது. யார் உடைப்பீங்க? பின்னாலிருந்து ஒருவன், கையொடிஞ்சு கட்டோட நான் எழுதலையா சார் என்றான். ஃபேனுக்கு அடியில் உட்காராமல் இருந்தால் போதும் என்றாள் ஒருத்தி. இரண்டும் சுமார், இரண்டும் சுமார் என்று அவன் தலையாட்டினான், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இந்தக் கேள்வியில் பேட்ச்சிலேயே கெட்டிக்காரி அவள்தான், முப்பதுக்கு இருபத்தொன்பது எடுப்பாள். அவனுக்குத் தெரியும் அவளிடம் பதில் இருக்கும் என்று. நீயே சொல்லு என்றான். அவள் ஒரு கணம் போர்டைப் பார்த்தாள். டெஸ்ட் எழுதக் காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு அவசியம் இல்ல சார், ஒரு மணி நேரம் உக்கார முடிஞ்சாப் போதும் என்றாள். சரியான பதில். அந்த வாதத்தில் சொல்லாமல் விட்ட ஊகம் அதுதான், அதைத் தட்டினால் முழுசும் விழுந்துவிடும். வெரிகுட், ஃபுல் மார்க், போய் உட்கார் என்றான். அவள் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்து எழுதினாள், அதற்குப் பிறகு நான்கு மணிவரை வகுப்பிலும் இருந்தாள், இருபத்தெட்டு மார்க். விடைத்தாளில் ஒரே ஒரு வட்டம் கோட்டுக்கு வெளியே வழிந்திருந்தது, அவன் அதைப் பார்த்துத் தொட்டுப் பார்த்து மார்க் போட்டான்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அமலியிடம் சொல்லவில்லை. சர்ச்சுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து ஆறு வாரமாயிற்று, ஞாயிறு டெஸ்ட் இருக்கிறது என்று ஒரு சாக்கு, சனிக்கிழமை சாயங்காலமும் சாமியார் உட்காருவார் என்பது தெரியாதவனா. முதல் வாரம் முழுக்க, யாராவது ஒரு பிள்ளை எழுந்து அன்னைக்கு அவ சொன்னாளே சார் என்று கேட்டுவிடுமோ என்று ஒவ்வொரு வகுப்பிலும் போர்டைப் பார்த்தே பேசினான். யாரும் கேட்கவில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அவர்களே காசு போட்டார்கள், பஸ் பிடித்து முசிறிக்குப் போனார்கள், அழுதார்கள், திரும்பி வந்து படித்தார்கள். அந்த ஐந்து நிமிஷம் அவர்களுக்கு ஒரு சிரிப்பு, அவ்வளவுதான், நூறு சிரிப்பில் ஒன்று. கேட்டால் ஞாபகம் வரும், கேட்க யாரும் இல்லை. இப்போது இரண்டாவது வரிசையில் ஒரு பெண் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தாள். எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றான், கையை நீட்டி நெற்றியைத் தொடலாமா என்று நினைத்து, பெண்பிள்ளையைத் தொடுவது எப்படி என்று இழுத்துக்கொண்டு, உடம்பு சரியில்லையாம்மா, வீட்டுக்குப் போறியா, நான் சொல்லிக்கிறேன் என்றான். குரல் வேண்டியதைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அவள் திடுக்கிட்டு எழுந்து, இல்ல சார், யோசிச்சிட்டிருக்கேன் என்றாள். நாலைந்து தலைகள் நிமிர்ந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். கீழே பரோட்டாக் கடையில் மாவு அடிக்கிற சத்தம், பல் டாக்டரிடமிருந்து அந்த மருந்து வாசனை. இந்த ஆறு வாரத்தில் இருமினவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தான், நாலு பேரை. டைரக்டர் சிரித்தார், என்ன சார் ஹாஸ்பிடலா நடத்துறோம் என்று. நாலு பேருக்கும் வெறும் சளி. செத்தவளுக்குச் செய்ய வேண்டியதை உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்தால் கணக்கு நேராகுமா, ஆகாது, ஆனாலும் கை அதைத்தான் செய்கிறது.

பதினொன்று நாற்பது. நாற்காலிக்கு வந்து வெள்ளைத்தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தான். கலங்க வைக்கிற ஆப்ஷனைத் தொடாதே என்பது மூன்றாவது விதி, கண்ணில் தண்ணீர் வந்தால் மூளையில் மசமசப்பு வந்துவிடும், பரிதாபம் ஆதாரம் அல்ல. எழுதத் தொடங்கியதும் கை தானாகப் போயிற்று, அதுதான் கொடுமை. தங்கள் மகளின் மறைவுக்கு நிலையம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது என்று ஒரு வரி. தாங்கள் மனுவில் குறிப்பிட்டுள்ள உண்மைகள் எதையும் நிலையம் மறுக்கவில்லை என்று அடுத்த வரி, எதிராளியின் ஆதாரத்தை மரியாதையாக ஒப்புக்கொண்டால்தான் நாம் சொல்லப்போவது காதில் ஏறும். பிறகு அது. ஞாயிற்றுக்கிழமைத் தேர்வே சிகிச்சை தாமதமானதற்குக் காரணம் என்றால், தேர்வோ வகுப்போ எதுவும் இல்லாத திங்கட்கிழமை முழுவதும் தங்கள் மகள் தங்கள் வீட்டில், தங்கள் பொறுப்பில்தான் இருந்தார். அன்றும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படவில்லை. ஆகவே சிகிச்சை தாமதமானதற்கு நிலையத்தின் விதியே காரணம் என்ற முடிவு பொருந்தவில்லை. படித்துப் பார்த்தான். ஒரு சொல் கூடுதல் இல்லை, ஒரு சொல் குறைவு இல்லை. பொய் ஒன்றுகூட இல்லை. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் மோசமான நாள் என்று ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், அதையும் ஒரு வரி சேர்த்தால் இன்னும் இறுகும். சேர்த்தான். சேர்த்துவிட்டுப் பேனாவை வைத்தான். டைரக்டர் இன்னொரு வரியும் கேட்டிருந்தார், காய்ச்சல்னு நம்ம ஸ்டாஃப் யார்கிட்டயும் சொல்லலைன்னு போட்டுடுங்க சார், அது முக்கியம். அதை மட்டும் அவன் எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்காகத் தன்னைக் கொஞ்சம் நல்லவனாக நினைத்துக்கொண்டான். பொய் சொல்லவில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்தான். சொல்லாமல் விட்டதுதானே எப்போதும் பெரிய ஓட்டை, அதைத் தேடத்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாய் என்று இன்னொரு குரல் உடனே வந்தது, அதுவும் அவன் குரல்தான், வகுப்புக் குரல். கிழித்துப் போடலாம். கிழித்தால் டைரக்டர் வேறு யாரையாவது வைத்து எழுதுவார், இதைவிட மோசமாக. இந்த வேலை போனால் நாற்பத்தாறு வயதில் வேறெங்கே போவது, வயது வரம்பு தாண்டும்வரை பதினொரு தடவை வங்கித் தேர்வு எழுதி இன்டர்வியூவில் வழுக்கி விழுந்தவனுக்கு இந்தப் போர்டை விட்டால் என்ன இருக்கிறது. காரணம் காரணமாக வந்து நின்றது. ஒவ்வொன்றையும் அவனால் உடைக்க முடிந்தது, உடைத்தும் எழுந்து நிற்கத் துணிவு வரவில்லை. பன்னிரண்டு ஆயிற்று, மணியடித்தான், தாள்களை வாங்கி அடுக்கினான். எல்லாரும் உள்ளேயே இருங்க, பத்து நிமிஷத்துல வந்து விடை சொல்றேன் என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனான்.

பெரியண்ணன் எழுந்து நின்று கும்பிட்டார். சின்ன உருவம், காக்கிச் சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தார், கொடுத்த டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது. டைரக்டர் கடிதத்தை வாங்கி ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்தார், தான் கேட்ட அந்த ஒரு வரி இல்லாததைக் கவனித்து சந்தியாகுவைப் பார்த்தார், ஆனால் திங்கட்கிழமை வரியில் முகம் மலர்ந்துவிட்டது. நீங்களே படிச்சுப் பாருங்கய்யா என்று நீட்டினார். பெரியண்ணன் பாக்கெட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உதடு அசையப் படித்தார். சந்தியாகு அவர் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அது வரி வரியாக இறங்கி வந்தது, ஒரு இடத்தில் நின்றது, திரும்ப மேலே போய் மறுபடி அங்கேயே வந்து நின்றது. கோபப்படு, தாளைத் தூக்கி எறி, இவன் யார் எங்கள் வீட்டுத் திங்கட்கிழமையைப் பற்றி எழுத என்று கத்து என்று அவன் மனசுக்குள் கெஞ்சினான். அவர் கத்தவில்லை.

"திங்கக்கெழம காய்ச்சல் விட்டுடுச்சுங்க," என்றார் பெரியண்ணன். "நெத்தியில கை வெச்சுப் பாத்தேன், ஜில்லுன்னு இருந்துச்சு. சரியாப் போச்சுன்னு நெனச்சேன். காத்துல லைன் அறுந்து கெடக்குதுன்னு ஆபீஸ்ல இருந்து போன். போயிட்டேன். ராத்திரிதான் வந்தேன்."

யாரையும் குற்றம் சொல்லவில்லை, விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று டைரக்டர் இதமாக ஆரம்பித்தார். பெரியண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கண் தாளை விட்டு எழவில்லை. இல்லைங்க, சரியாத்தான் எழுதியிருக்கீங்க, ஆறு வாரமா எனக்கு இது தோணவே இல்ல பாருங்க, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழமன்னே மனசு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, நாளைக்குக் கலெக்டர் ஆபீசுக்குப் போயி மனுவத் திரும்ப வாங்கிக்கிறேன் என்றார். கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பாக்கெட்டில் போடுவதற்கு இரண்டு தடவை முயற்சி செய்தார். வந்தபோது அவரிடம் ஒரு கோபம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆறு வாரம் நடமாடியிருக்கிறார் என்பது சந்தியாகுவுக்கு அப்போதுதான் விளங்கிற்று. அதை இவன் பிடுங்கிக்கொண்டு கையில் வேறொன்றைக் கொடுத்துவிட்டான், அது இனி இறக்கி வைக்க முடியாதது.

"நீங்கதான் சந்தியாகு சாருங்களா?" என்று அவர் திரும்பினார். "பாப்பா உங்க பேச்சாத்தான் இருக்கும். கேள்வி கேக்குறதுல சார அடிச்சுக்க ஆளே இல்லன்னு சொல்லும். அன்னைக்கு உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?"

கேள்வி வந்துவிட்டது. ஆப்ஷன் எதுவும் இல்லாத கேள்வி. டைரக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் மெதுவாகத் தலையை இடம் வலமாக ஆட்டினார். சந்தியாகு அந்தத் தலையையும் பார்த்தான், இந்த முகத்தையும் பார்த்தான். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவனுக்கே தெரியவில்லை.

"சொன்னா," என்றான். "காய்ச்சலா இருக்கு, போகட்டுமான்னு கேட்டா. நான்தான் போய் உக்காருன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டான். ஆறு வாரமாகத் தொண்டையில் நின்றது பத்து வார்த்தைக்குள் வெளியே வந்துவிட்டது, இவ்வளவுதானா என்று இருந்தது. டைரக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். பெரியண்ணன் அவனையே பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று அவன் நினைத்தான், அடிக்கட்டும் என்று இருந்தது. அவர் கிட்டே வந்து அவனுடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார், காய்த்துப்போன கை.

"எம்மனசு ஆறட்டும்னு சொல்றீங்க சார்," என்றார். "பாப்பா கேட்டிருந்தா நீங்க அனுப்பாம இருப்பீங்களா? வாயத் தொறந்து கேக்குற புள்ளயில்ல அது. நான்தான் பாக்காம விட்டுட்டேன். உங்க மேல போட்டுக்கிட்டுப் பேசுறீங்க, அது உங்க பெரிய மனசு."

இல்லைங்க, நெசமாவே கேட்டா என்றான் சந்தியாகு. குரல் எழும்பவில்லை. இருக்கட்டும் சார், இருக்கட்டும் என்று பெரியண்ணன் குழந்தையைத் தட்டுகிற மாதிரி அவன் புறங்கையைத் தட்டினார். டைரக்டரும் அதைப் பிடித்துக்கொண்டு, சார் அப்படித்தான்யா, எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்குவாரு என்றார். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் விடையை ஒப்பிட்டுச் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இருபது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். கதவைத் திறந்து யாராவது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால் போதும், வந்து நின்று, ஆமாங்க, காய்ச்சல்னு சொன்னா, சார் போர்டுல எழுதினாரு, நாங்க எல்லாரும் சிரிச்சோம் என்று சொல்லிவிடும். சந்தியாகுவின் உடம்பில் எங்கேயோ ஒரு நிம்மதி பரவியது, அதை உணர்ந்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. பெரியண்ணன் இன்னும் கையை விடவில்லை. அவன் யாரையும் கூப்பிடவில்லை.